சமதளம் இல்லாத ஊர்

எய்பாரில் சமதளம் வேண்டுமென்றால் மலையை வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஏகோ என்றொரு சிற்றாறு. அது ஓடுகிற இடம்தான் ஊருக்கு வாய்த்த ஒரே தட்டையான நிலம். அதையும் விட்டுவைக்கவில்லை. ஆற்றின் மேல் தூண் நிறுத்தி, தளம் போட்டு, பட்டறை கட்டி, பட்டறைக்கு மேலே அடுக்கடுக்காக வீடும் கட்டிவிட்டார்கள். ஆறு எங்கே என்று கேட்டால் காலடியைக் காட்டுவார்கள். இப்படி அங்குல நிலத்துக்கு அலைந்த ஊர், ஒரு கால்பந்து மைதானத்துக்கும் ஒரு பெலோட்டா ஆட்டக்கூடத்துக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல் இடம் ஒதுக்கியிருக்கிறது. சைக்கிளுக்கு இடம் ஒதுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாசற்படி தாண்டினால் ஏற்றம்.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், கிபுஸ்கோவா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது எய்பார். பக்கத்து ஊரான எர்முவாவுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் அது வேறு மாகாணம். எய்பாரை ஸ்பானிய ஊர் என்று அங்கே யாரிடமாவது சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், சிலர் சிரிக்காமலும் திருத்துவார்கள். மக்கள்தொகை 27,000 அளவில். எழுபதுகளில் ஆலைகள் உச்சத்தில் இருந்தபோது நாற்பதாயிரத்தை நெருங்கியதாம். அந்தக் கூட்டம் மொத்தமும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் எப்படி மூச்சுவிட்டது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

எந்திரக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கென்று 2014 இளவேனிலில் அங்கே போனேன். பில்பாவோவிலிருந்து வரும் மீட்டர்கேஜ் ரயில், மலைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, மூச்சுவாங்கிக்கொண்டு ஊருக்குள் நுழையும். இறங்கியதும் மூக்கில் ஏறியது வெட்டெண்ணெய் வாசனை. கோவைக்காரனுக்கு அந்த வாசனை போதும், ஊர் பழகிவிட்டது. ஏப்ரலில் அங்கே பெய்வது மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குடை பிடித்தால் ஊர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் கால்மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

நான் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று உண்டு. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் காத்திருக்க வேண்டிய அளவு. அதற்குள் சைக்கிளைக் கொண்டுபோக ஒரே வழி, பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்துவதுதான். அப்படி நிறுத்தி நிறுத்தி, லிஃப்டின் பின்சுவரில் முன்சக்கர டயரின் கரிய தடம் வளைவாகப் பதிந்து கிடந்தது. குடியிருப்போர் சங்கம் 'சைக்கிள் ஏற்றக் கூடாது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளின் மேலும் டயர் தடம். சங்கத்தின் செயலாளர் வீட்டிலேயே மூன்று சைக்கிள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு பெரியவர். சிறுவயதிலேயே ஒரு சைக்கிள் ஆலையில் சேர்ந்து, ஃபிரேமுக்குப் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர். எய்பாரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அவர் சொல்லி, மீதி அவர் சொன்னது சரிதானா என்று நான் தேடிப் படித்து. பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அவருடைய பால்கனிச் சுவரில் ஆணி அடித்து ஒரு பழைய சைக்கிள் மாட்டியிருந்தது. குழாயும் குழாயும் சேரும் மூட்டில் என் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். பூச்சுக்கு அடியில் பித்தளை ஓடிய இடம் எது, எஃகு எது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. "தெரியக் கூடாது, பையா. தெரிந்தால் திரும்ப உருக்கச் சொல்லுவார்கள்" என்றார்.

இந்த ஊர் சைக்கிளுக்கு வந்தது துப்பாக்கி வழியாக. நூற்றாண்டுகளாக எய்பாரின் தொழில் ஆயுதம். ஓவியர் இக்னாசியோ சுலோவாகா பிறந்தது இங்கேதான், 1870இல். அவருடைய தந்தை பிளாசிதோ, எஃகில் பொற்கம்பி பதித்து அலங்காரம் செய்யும் வேலையில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். துப்பாக்கியின் மேல் செய்த அந்த அலங்காரம் பிறகு பெட்டிகளுக்கும் ஜாடிகளுக்கும் போனது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைக்குக் கைத்துப்பாக்கி செய்து அனுப்பிய பட்டறைகள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. போர் முடிந்தது, வாங்குவோர் போய்விட்டார்கள். கையில் தொழில் இருக்கிறது, வேலை இல்லை. குழாய் துளைக்கத் தெரியும், வளைக்கத் தெரியும், பற்றவைக்கத் தெரியும், நிக்கல் முலாம் பூசத் தெரியும். இந்த நான்கும் சேர்ந்தால் சைக்கிள்.

பெய்ஸ்தெகி சகோதரர்கள் 1909இல் ஆயுதப் பட்டறை தொடங்கினார்கள். இருபதுகளில் சைக்கிளுக்கு மாறினார்கள். அதுதான் பி.எச். நிறுவனம். ஓர்பேயா இன்னும் பழையது, 1840இல் துப்பாக்கிக்கென்று தொடங்கியது. அதுவும் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. காக் என்ற மூன்றாவது நிறுவனமும் அதே வழியில் வந்தது. ஆயுதத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஆல்ஃபா என்ற கூட்டுறவு ஆலை தையல் எந்திரம் செய்தது. சுழல்துப்பாக்கி செய்துகொண்டிருந்த எல் காஸ்கோ காகிதம் தைக்கும் ஸ்டேப்ளர் செய்யத் தொடங்கியது. அந்த ஸ்டேப்ளரை இன்றும் விற்கிறார்கள். கையில் வாங்கிப் பாருங்கள், அழுத்தும்போது விசை இழுப்பது போலத்தான் இருக்கும். ஒரு நகரம் தொழில் மாறியதைப் பற்றிப் பொருளாதாரப் புத்தகங்கள் எழுதுவதைவிட அந்த ஸ்டேப்ளர் தெளிவாகச் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கையால் வேலை செய்கிறவர்கள் கூடியிருக்கும் ஊரில் அரசியல் சூடாகத்தான் இருக்கும். 1931 ஏப்ரல் 14 அன்று, மாட்ரிதுக்கும் பார்சிலோனாவுக்கும் முன்பே, விடிந்தும் விடியாத வேளையில், ஸ்பெயினில் குடியரசை முதலில் அறிவித்தது எய்பார் நகராட்சி. உன்ட்சாகா சதுக்கத்தில் கொடி ஏறியது. மறு ஆண்டே, அதைக் கொண்டாட என்ன செய்தார்கள் தெரியுமா? எய்பாரிலிருந்து மாட்ரிதுக்குப் போய்த் திரும்பி எய்பாருக்கே வரும் ஒரு சைக்கிள் பந்தயம், குடியரசின் பெயரால். சிலை வைத்திருக்கலாம், தெருவுக்குப் பெயர் வைத்திருக்கலாம். இவர்களுக்குத் தோன்றியது சைக்கிள். 1935இல் ஸ்பெயினைச் சுற்றிவரும் முதல் வுவெல்தா நடந்தபோது அதை வென்ற பெல்ஜியக்காரர் குஸ்தாஃப் தெலூர் ஓட்டியது பி.எச். வண்டி. இந்த வரலாறு எந்த நூலகத்திலும் கிடைக்கும். ஆனால் பெரியவர் அதைச் சொல்லும்போது தெலூர் வென்றார் என்று சொல்லமாட்டார், "எங்கள் வண்டி வென்றது" என்பார்.

1937 ஏப்ரலில், உள்நாட்டுப் போரில், குண்டு விழுந்தது. ஊரின் நடுப்பகுதி பெரும்பாலும் இடிபாடாயிற்று. அதைப் பற்றிப் பெரியவர் அதிகம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. நினைவு தெரிந்த நாளில் தான் பார்த்த ஊர் பாதி கட்டடம், பாதி கல் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அந்தக் கற்களை அகற்றி முடிப்பதற்குள்ளேயே பந்தயம் திரும்பிவிட்டது. 1941இல் அர்ராத்தே ஏற்றப் பந்தயம். ஊருக்கு மேலே அர்ராத்தே அன்னையின் கோயில் இருக்கிறது, செப்டம்பர் 8 அங்கே திருவிழா. அந்தக் கோயில்வரை சைக்கிளில் ஏற வேண்டும். மலையேற்றத்தில் அந்தக் காலத்தின் முடிசூடா மன்னரான பஹாமொந்தேஸ் இதைப் பலமுறை வென்றிருக்கிறார். 1952இல் ஊரின் சைக்கிள் சங்கமே பல நாள் நடக்கும் ஒரு பந்தயத்தைத் தொடங்கியது. எய்பார் சைக்கிள் பந்தயம் என்றே பெயர். பாஸ்க் நாட்டைச் சுற்றும் பெரிய பந்தயமான இட்சூலியா 1924இல் பிறந்து, 1935இல் ஜீனோ பார்தாலி வென்றதோடு நின்றுபோய், 1969இல்தான் மறுபடி உயிர்பெற்றது. அந்த ஆண்டு வென்றவர் ஜாக் ஆங்கெத்தில். இடையில் கிடந்த நீண்ட வறட்சியில் இந்தப் பகுதியின் ரசிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றியது எய்பார்க்காரர்களின் பந்தயம். 2009இல் அது இட்சூலியாவோடு கலந்தது. கலந்தபோது சீதனம்போல அர்ராத்தே ஏற்றத்தையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து இட்சூலியாவுக்கும் எய்பாருக்கும் உள்ள உறவு ஏறக்குறைய ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

ஓர்பேயா இப்போது ஊரில் இல்லை. தொழிலாளர்களே முதலாளிகளாகிக் கூட்டுறவாக மாறி, பக்கத்து மல்லாபியாவுக்குப் போய்விட்டது. பி.எச். 1959இலேயே வித்தோரியாவுக்குப் போனது. பள்ளத்தாக்கில் இடமில்லை, போகாமல் என்ன செய்வார்கள். ஆனால் 1913இல் தொடங்கிய ஆயுதத் தொழிற்பள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது துப்பாக்கி சொல்லிக்கொடுப்பதில்லை, எந்திர வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் அந்தப் பள்ளியில் படிக்காதவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

நான் போன சமயம் ஊர் முழுக்கக் கால்பந்துப் பேச்சு. எய்பார் கால்பந்துச் சங்கம் அந்த மே மாதம் முதன்முறையாக ஸ்பெயினின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. முதல் பிரிவு பார்த்த ஊர்களில் இவ்வளவு சின்ன ஊர் இல்லை. இப்புருவா மைதானத்தில் அப்போது ஐயாயிரம் பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். மைதானத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளின் ஜன்னலில் நின்றால் டிக்கெட் இல்லாமலே ஆட்டம் தெரியும். சிறந்த இடம் எந்த வீட்டு ஜன்னல் என்பது ஊரறிந்த ரகசியம். களத்தில் வென்றும் சட்டம் விடவில்லை. மூலதனம் போதாது, இன்னும் ஏறத்தாழ 17 லட்சம் யூரோ சேர்க்காவிட்டால் மேலே போக முடியாது, கீழே இறக்கிவிடுவோம் என்றது விதி. இத்தனைக்கும் அந்தச் சங்கத்துக்குக் கடன் கிடையாது. கோடிக்கணக்கில் கடன் வைத்திருந்த பெரிய சங்கங்கள் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு பணக்காரரைப் பிடித்திருந்தால் ஒரே காசோலையில் முடிந்திருக்கும். அவர்கள் பங்கு விற்றார்கள், 50 யூரோவிலிருந்து. ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று எல்லையும் கட்டினார்கள். இளவயதில் இங்கே ஆடிவிட்டுப் போன சாபி அலோன்சோ இதற்காகக் குரல் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து பணம் வந்து, கெடுவுக்கு முன்பே தொகை சேர்ந்தது. எங்கள் பட்டறையில் மதிய உணவு இடைவேளையில் ஆளாளுக்குக் கைப்பேசியில் பங்கு வாங்கிய சான்றைக் காட்டிக்கொண்டார்கள். ஆகஸ்டில் முதல் ஆட்டம், ரியால் சோசியேதாத் என்ற மாகாணத்துப் பெரியண்ணனோடு. ஹாவி லாரா அடித்த ஒரே கோலில் எய்பார் வென்றது. வெளியூர்ப் பத்திரிகைகள் இதைத் தேவதைக் கதை என்று எழுதித் தள்ளின. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கடன் வாங்காமல், வரவுக்குள் செலவு செய்து, சிறுகச் சிறுக ஏறியதைத் தேவதை வந்து செய்ததாகச் சொன்னால் கணக்கு எழுதியவனுக்கு என்ன மரியாதை?

நம் ஊரில் நட்சத்திரங்களை நடத்துவதுபோல அங்கே கால்பந்து வீரர்களைத் தலையில் தூக்கி வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பார்கள். வாழ்த்து ஒன்று, அவ்வளவுதான். பெலோட்டா ஆடும் அஸ்தெலேனா கூடத்தில் 1904 முதல் ஆட்டம் நடக்கிறது. வெறும் கையால் கல்போன்ற பந்தைச் சுவரில் அறையும் ஆட்டம். அங்கே ஆடுகிறவர்களின் உள்ளங்கை வீங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்குக் கால்பந்து வீரரின் காயம் பெரிய விஷயமாகப் படுவதில்லை. மலையேறும் குழு, கைப்பந்து, ரக்பி என்று ஆளுக்கொரு சங்கத்தில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை யாரையாவது வீட்டில் போய்ப் பார்க்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

சைக்கிளுக்கு வருவோம். நான் பார்த்தவற்றில் மனதில் பசுமையாக இருப்பது 2016 இட்சூலியா. ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை, ஓரியோவிலிருந்து புறப்பட்டு அர்ராத்தே உச்சியில் முடியும் கட்டம். மறுநாள் சனிக்கிழமை, எய்பாரிலேயே தொடங்கி எய்பாரிலேயே முடியும் தனிநபர் நேரப் பந்தயம். இரண்டு நாளும் ஊருக்குள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறைக்கு விடுமுறை இல்லை. மதியத்துக்குள் வேலையை முடிக்க எல்லோரும் விடியற்காலையில் வந்துவிட்டார்கள், யாரும் சொல்லாமலே. பிறகு மலை நோக்கி ஊர்வலம். எய்பாரிலிருந்து உசார்ட்சா கணவாய் ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் நூறடி போனால் எட்டடி உயரும் சாலை. தாத்தாக்கள் கைத்தடியோடும், தாய்மார்கள் குழந்தை வண்டியோடும் ஏறினார்கள். பையில் முட்டை ஆம்லெட் வைத்த ரொட்டி, தெர்மோசில் சூடான எலும்புச்சாறு. சிவப்பும் பச்சையும் வெள்ளையுமான பாஸ்க் கொடிகள். ஆரஞ்சு நிறச் சட்டைகள் அப்போதும் நிறையத் தெரிந்தன. எவுஸ்கால்தெல் என்ற பாஸ்க் அணி அணிந்தது அந்த நிறத்தை. ஓர்பேயா வண்டியில் பல ஆண்டுகள் ஓடிய அந்த அணி 2013இல் கலைந்துவிட்டது. அணி போனாலும் சட்டை போகவில்லை.

பெரியவர் ஏறி வரவில்லை, ஒரு உறவினர் காரில் காலையிலேயே மேலே கொண்டுவிட்டிருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடம் எனக்கு விசித்திரமாக இருந்தது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இல்லை, செங்குத்தான திருப்பத்திலும் இல்லை. ஏற்றம் முடிந்து சாலை சற்றே சமமாகிற இடம். கேட்டதற்கு, "இங்கேதான் கியரை மாற்றுவார்கள்" என்றார். ஏறும்போது எல்லோரும் ஒரே மாதிரி வலியில்தான் இருப்பார்கள், அதில் பார்க்க ஒன்றுமில்லையாம். மாற்றும்போதுதான் வண்டியும் ஆளும் வெளியே தெரிவார்களாம்.

குளிர் எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஹெலிகாப்டர் சத்தம், பிறகு காவல்துறை மோட்டார் சைக்கிள்கள், பிறகு ஒரே ஒரு ஆள். தியேகோ ரோசா, அஸ்தானா அணியின் இத்தாலியர். நெடுந்தூரம் தனியாகவே ஓட்டி வந்தவர். மற்றவர்கள் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால். எங்களைக் கடந்தபோது முகத்தில் சேறும் உப்பும் கோடு கோடாக இறங்கியிருந்தன, வாய் திறந்திருந்தது. கூட்டம் 'ஆவுப்பா, ஆவுப்பா' என்று கத்தியது. அங்கே எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று தொட்டேன். கையைத் தட்டிவிட்டார். செயின் பல்லில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை கூச்சலுக்கு நடுவே கேட்டது என்று சாதித்தார். "சுத்தம். அவனுடைய மெக்கானிக் நல்லவன்" என்றார். ஓட்டியவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

கோட்டில் ரோசா செய்ததைப் பிறகு தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு, நடந்தே கோட்டைக் கடந்தார். பந்தய உலகில் இதை விளையாட்டாகவும் திமிராகவும் சொன்னவர்கள் உண்டு. எய்பாரில் நான் கேட்டவரை ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. சுமந்து வந்ததை ஒருமுறை இவன் சுமந்தான், நியாயம்தானே என்றார்கள்.

அன்று மாலை ஊருக்குள் இறங்கினால் அணிகளின் பேருந்துகள் கிடைத்த சந்திலெல்லாம் நின்றன. எனக்குப் பந்தயத்தைவிடப் பிடித்தது இந்த நேரம்தான். மெக்கானிக்குகள் வரிசையாக வண்டிகளைத் தாங்கியில் மாட்டி, நுரை போட்டுக் கழுவி, தண்ணீர் பீய்ச்சி, துடைத்து, செயினில் எண்ணெய் வைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் கூட்டம் ஐந்தடி தள்ளி நிற்கும். கையெழுத்து கேட்பவர்கள் பேருந்தின் முன்வாசலில், இவர்கள் பின்பக்கம். பேச்சே இருக்காது. ஒரு மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கைதவறிக் கீழே விட்டபோது, அது உருண்டு நிற்பதற்குள் கூட்டத்திலிருந்து மூன்று பேர் குனிந்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தவர் கொடுப்பதற்கு முன் அதன் மரையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கார்பன் ஃபிரேமை அந்தத் தலைமுறை மனதார ஏற்கவில்லை. எடை குறைவு, உறுதி அதிகம் என்று எல்லாம் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அது அச்சில் வார்த்துப் பசையில் ஒட்டுவது, கைக்கு அதில் வேலை குறைவு என்பது அவர்கள் குறை. பேரப்பிள்ளைகள் அதே கார்பன் வண்டிகளைத் தயாரிக்கும் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை பல வீடுகளில் ஓடியதென்று அறிவேன். இரண்டு வீட்டில் நானே சாட்சி.

சனிக்கிழமை நேரப் பந்தயம், 16.5 கிலோமீட்டர். நேரப் பந்தயம் என்றால் நேர்சாலையில் குனிந்துகொண்டு பறப்பது என்பதுதான் பொதுவழக்கம். எய்பாரில் நேர்சாலைக்கு எங்கே போவது? மலைமேல் ஏற்றி இறக்கிவிட்டார்கள். மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை கொலம்பியரான செர்ஹியோ எனாவோவிடம். அவருக்குச் சில விநாடி பின்னால் அல்பெர்தோ கொந்தாதோர். அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப்போவதாக முன்பே சொல்லியிருந்தவர். ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். நேரப் பந்தயத்தை நேரில் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் போனதும் ஓரிரு நிமிட இடைவெளி, அதற்குள் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு விவாதத்தைத் தொடங்கி முடித்துவிடலாம். எய்பாருக்கென்றே செய்த பந்தயம் அது.

கொந்தாதோர் சரிவில் வேகம் பிடித்து ஊருக்குள் பாய்ந்ததை ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தேன். தடுப்பு வேலிக்கும் அவர் தோளுக்கும் இடையே ஒரு செய்தித்தாள் நுழையலாம், அவ்வளவுதான். பிரேக்கைத் தொட்டதாகவே தெரியவில்லை. அன்றைய கட்டத்தையும் வென்றார், மொத்தப் பந்தயத்தையும் 12 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இட்சூலியாவை நான்காவது முறை வென்று, எழுபதுகளின் கொன்சாலெஸ் லினாரெஸின் கணக்கைச் சமன் செய்தார். வென்றவருக்கு அங்கே பாஸ்க்காரர்களின் அகலத் தொப்பியான சப்பேலாவைத்தான் அணிவிப்பார்கள். வென்ற கையோடு, ஓய்வு பெறுவதாக இல்லை, அடுத்த ஆண்டும் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரு பெண்மணி, "இந்த மலையில் ஏறினால் ஓய்வு எண்ணம் வரும் என்பார்கள், இவருக்குத் தலைகீழ்" என்றார்.

அதன்பிறகும் அர்ராத்தேயில் எத்தனையோ நடந்தது. 2020 அக்டோபரில், தொற்றுக்காலத்தில், வுவெல்தாவின் தொடக்கமே இடம் மாறி முதல் நாள் அங்கே முடிந்தது. ரோக்லிச் வென்றார். 2021 இட்சூலியாவின் கடைசி நாளில் அதே ரோக்லிச், கடைசிக் கட்டத்தின் வெற்றியைத் தன்னோடு சேர்ந்து ஓட்டிய தாவித் கோதுவுக்கு விட்டுக்கொடுத்து மொத்தப் பந்தயத்தை எடுத்துக்கொண்டார். 2025இலும் கடைசி நாள் எய்பாரில்தான். போர்த்துகீசியரான ஜோவாவ் அல்மெய்தா கட்டத்தையும் பந்தயத்தையும் சேர்த்து வென்றார். இதையெல்லாம் நான் பார்த்தது திரையில். கால்பந்துச் சங்கம் ஏழு பருவம் முதல் பிரிவில் தாக்குப்பிடித்து 2021இல் கீழிறங்கியது. அதையும் திரையில்தான் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னொன்றும் நடந்தது. எய்பார் அணிக்கு அன்றைக்கே மாட்ரிதில் ரியால் மாட்ரிதோடு ஆட்டம். சைக்கிளைப் பார்ப்பதா, கால்பந்தைப் பார்ப்பதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. உன்ட்சாகா பக்கத்துப் பார் ஒன்றில் நானும் பெரியவரும் நுழைந்தபோது கால்பந்துக் கட்சி மூலையில் கூடிக் குனிந்த தலையோடு இருந்தது. நான்குக்குச் சுழியம். நான்கும் இடைவேளைக்கு முன்பே விழுந்துவிட்டனவாம். சைக்கிள் கட்சி கல்மேடைக்கு முன்னால் நின்று, கொந்தாதோர் இறக்கத்தில் எத்தனை பல்லில் ஓட்டினார் என்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் உள்ளே வந்ததும் இரண்டு தரப்பும் அவரிடம் தீர்ப்புக் கேட்டது. அவர் ஒரு குவளை ஒயின் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு எண்ணிக்கையும் தவறு என்றார். சரியானது எது என்று கேட்டதற்கு, இன்னொரு குவளை யார் வாங்கித் தருகிறார்களோ அவர்களுக்கு மட்டும் சொல்வதாகச் சொன்னார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சொன்னார். கடைக்காரர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.